பகுதியில் ஒளிந்திருக்கும் கணக்கு

பங்கின் சந்தை விலையை, அப்பங்குக்கு ஓராண்டில் கிடைத்த நிகர லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ. விகிதம். விலை தொகுதியாகவும் லாபம் பகுதியாகவும் அமைந்த இப்பின்னத்தில் முதலீட்டாளர்களின் கண் நாள்தோறும் மாறும் விலையின் மீதே இருக்க, அமெரிக்காவில் வீடு கட்டி விற்கும் நிறுவனங்களை மதிப்பிடும் ஆய்வாளரின் உழைப்பெல்லாம் பகுதியைப் பிரித்துப் பார்ப்பதிலேயே கழிகிறது.

அந்நாட்டில் 2005-இல் ஏறத்தாழ 12.8 லட்சம் புதிய தனிவீடுகள் விற்றன. 2011-இல் விற்றவை சுமார் 3 லட்சமே. 2005 கோடையில் வீடு கட்டும் நிறுவனங்களின் பங்குகள் உச்ச விலையில் இருந்தபோதும் பலவற்றின் பி.இ. பத்தையொட்டியே நின்றதற்குக் காரணம், விலையோடு லாபமும் உச்சத்தில் இருந்ததுதான்; அடுத்த சில ஆண்டுகளில் லாபம் நஷ்டமானபோது வகுப்பதற்கே எண் இல்லாமற்போயிற்று. ஏற்ற இறக்கச் சுழற்சிக்கு உட்பட்ட தொழில்களில் குறைந்த பி.இ. என்பது நல்ல காலம் முடியப்போவதன் அறிகுறியாகலாம் என்று முதலீட்டாளர் பீட்டர் லிஞ்ச் 1989-இல் எழுதிய எச்சரிக்கை இங்கே பொருந்துகிறது; ஆனால் அதை மந்திரம்போல ஓதுவோர்தாம் மிகுதி, லாபம் ஏன் உச்சத்தில் இருக்கிறது என்று கேட்போர் குறைவு.

விடையின் பெரும்பங்கு மண்ணில் கிடக்கிறது. நான்கு லட்சம் டாலருக்கு விற்ற வீட்டில் ஒரு லட்சம் டாலர் மொத்த லாபம் என்று வைத்துக்கொண்டால், அந்த 25 விழுக்காடு கட்டுமானத் திறமைக்குக் கிடைத்த பலனாகத் தோன்றும். மூன்றாண்டுகளுக்கு முன் 60,000 டாலருக்கு வாங்கிய மனை இன்று ஒரு லட்சம் பெறுமானால், லாபத்தில் 40,000 டாலர் மண் ஈட்டியதாகும்; அடுத்த மனையை இன்றைய விலைக்கு வாங்கும்போது, வீட்டு விலை ஏறாவிட்டால், அதே வீடு 15 விழுக்காடுதான் தரும். விலை சரியும் காலத்தில் கையிருப்பு மனைகளின் மதிப்பைக் கணக்கேட்டில் குறைத்தெழுத நேர்கிறது. அவ்வாறு குறைத்தெழுதிய மனையில் கட்டிய வீடு பின்னர் விற்கும்போது லாபம் மிகையாகத் தெரியும் என்பது புதியவர்கள் தவறவிடும் நுணுக்கம். 1992-இல் திவாலாகி மீண்ட என்.வி.ஆர். நிறுவனம், மனைகளை வாங்கிக் குவிக்காமல், பெரும்பாலும் பத்து விழுக்காட்டுக்கு மிகாத முன்பணம் கட்டி, வேண்டும்போது வாங்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொள்கிறது. 2008, 2009 ஆண்டுகளிலும் அது லாபமே காட்டியது.

வரிக்கணக்கு இன்னொரு மறைவிடம். பழைய நஷ்டங்களால் வருங்காலத்தில் மிச்சமாகும் வரி ஒரு சொத்து எனினும், லாபம் வருமா என்ற ஐயம் உள்ளவரை அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐயம் நீங்கியதும் பெரும்பகுதி ஒரே ஆண்டில் லாபமாக வந்து விழும். வீடு கட்டும் நிறுவனமான பல்ட்டி குரூப் 2013-இல் காட்டிய சுமார் 260 கோடி டாலர் நிகர லாபத்தில் ஏறத்தாழ 210 கோடி இவ்வாறு வந்தது. ஆண்டிறுதியில் பங்கு விலை சுமார் 20 டாலர், பி.இ. வெறும் மூன்று! வரிக்கு முந்தைய லாபத்தால் வகுத்தாலோ விகிதம் பதினைந்தை நெருங்கும்.

லிஞ்சின் அந்த மந்திரமும் பொய்க்கும் என்பதை 2022 காட்டியது. 2021 தொடக்கத்தில் மூன்று விழுக்காட்டுக்கும் கீழிருந்த 30 ஆண்டு வீட்டுக்கடன் வட்டி ஏறத் தொடங்கியதும், குறைந்த பி.இ.யை அபாயமாகக் கொண்டு பலர் இப்பங்குகளை விற்றனர். ஆனால் குறைந்த வட்டிக் கடனை விட மனமில்லாத பழைய வீட்டுக்காரர்கள் வீட்டை விற்கவில்லை. அதனால் வாங்க வந்தவர்கள் புதிய வீடுகளை நாடினர். அவர்களுடைய வட்டிச் சுமையில் ஒரு பங்கை நிறுவனங்கள் தம் லாபத்திலிருந்து ஏற்றன. அவற்றுள் ஒன்றான டி.ஆர். ஹார்ட்டன் பங்கின் பி.இ. 2022 நடுவில் ஐந்துக்கும் கீழே இருந்தது. 2023 முடிவில் அப்பங்கின் விலை இரு மடங்கைத் தாண்டியிருந்தது.