காலியில் கேட்ட தமிழ்

பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை சைக்கிளில் போவதுதான் திட்டம். அதில் காலி இல்லை. மாத்தறையில் ஓய்வுக்கென ஒதுக்கிய நாளில், "இவ்வளவு தூரம் வந்திட்டுக் கோட்டையைப் பாக்காமல் போறதோ?" என்று தொடங்கி, மேற்கே 40 கிலோமீற்றருக்கு மேல் மிதித்துவிட்டோம்.

தெற்குக்கு வந்ததிலிருந்து எங்களிடம் ஒரு பழக்கம் ஒட்டியிருந்தது. கடைகளில் அரைகுறைச் சிங்களம். எங்களுக்குள் கதைக்கும்போதும் குரல் தானாகத் தணிந்துவிடும். ஒருவரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அப்படித்தான்.

கோட்டைக்குள் ஒல்லாந்தர் காலத்து மதில், வெளிநாட்டவர் நிறைந்த தெருக்கள், கலங்கரை விளக்கத்துக்கு எதிரே தேவாலயம் போலத் தெரியும் வெள்ளைப் பள்ளிவாசல். பக்கத்துத் தெருக் கடையொன்றில் "வத்துர போத்தல் தெகக்" என்று தடுமாறினோம்.

கடைக்கார நானா சிரித்தார். "தமிழ்லயே கேளுங்க மகன். எங்கட ஊட்டுலயும் தமிழ்தான்."

வெட்கமாய்ப் போயிற்று. 1911இல் இதே காலியில் மதகு மூடியாகக் கிடந்த கல்லில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருந்ததைப் படித்தவர்கள்தானே நாங்கள். 1409ஆம் ஆண்டுத் திகதியோடு செங் ஹ கொண்டுவந்த கல் அது. அதன் தமிழ்ப் பகுதி சொல்வது, முதல்நாள் நாங்கள் நின்ற தேவேந்திரமுனையின் தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைப் பற்றி. கல் இப்போது கொழும்பு நூதனசாலையில். பரீட்சைக்குப் படித்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்கப் பயந்திருக்கிறோம்.

திரும்பும் வழியெல்லாம் சத்தமாகக் கதைத்துக்கொண்டே மிதித்தோம். வெலிகமத் தேத்தண்ணிக் கடையில் மட்டும் குரல் மறுபடி கொஞ்சம் இறங்கியது. ஒரு நாளில் போகிற பழக்கமில்லை அது.