ஒரு ஜோடி காலணியும் நான்கு பாதைகளும்

மும்பை மாநகரை ரயில் பெட்டியின் ஜன்னல் வழியே கண்டவர் பலர். தம் கால்களால் கண்டவர் சிலர். நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் முதல் வகையினரே. மாட்டுங்காவில் ஏறித் தாதரில் மாறுவதும், தாராவியிலிருந்து சயான் நிலையத்துக்கு விரைவதும், மாலையில் அதே வழியே திரும்புவதுமாக நம் ஆண்டுகள் கழிகின்றன. ஊர் நம்மைச் சுமந்து செல்கிறது. நாம் ஊரில் நடப்பதில்லை. ரயில்வே அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் எழுத்தராக நாற்காலியில் அமர்ந்திருந்த நானும் இவ்விதிக்கு விலக்கல்லன்.

சென்ற ஜூலையில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண் 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் வாசற்படி, 6.5 ஆகிவிட்டால் அந்த விருந்தாளி வீட்டினுள் நுழைந்துவிட்டார் என்று பொருள். அவரை நான் நன்கு அறிவேன். திண்டுக்கல்லில் இருக்கும் என் தந்தையாரின் இல்லத்தில் அவர் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். தந்தையாரின் பாதம் மரத்துப் போயிருந்தபடியால், செருப்புக்குள் கிடந்த சிறு கல் அவரை உறுத்தவில்லை. புண் தோன்றியது, ஆறவில்லை, முடிவில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. என் செய்தியைக் கேட்டதும் அவர் தொலைபேசியில், "தம்பி, மாத்திரை வருகிறபோது வரட்டும். நீ முதலில் காலைப் பார்த்துக்கொள்" என்றார்.

வாசற்படியில் நிற்பவரைத் திருப்பி அனுப்ப இயலுமா? இயலும் என்பதற்கு நம் சென்னையிலேயே சான்று உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உணவைத் திருத்தி உடலுழைப்பைக் கூட்டியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்ததாகக் கண்டனர். என்னைப் பரிசோதித்த மருத்துவரும் வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் உடலை இயக்குமாறு பணித்தார். நடையில் தொடங்கி, சில வாரங்களில் மெதுவான ஓட்டத்துக்கு வந்தேன்.

ஓடுவதற்குக் காலணி வேண்டும். கடைப் பையன் மிகுந்த மரியாதையுடன், "சார், மெதுவாக ஓட ஒன்று, வேகத்துக்கு ஒன்று, மலைப்பாதைக்கு ஒன்று, மூன்று ஜோடி வைத்துக்கொள்வது நல்லது" என்றான். அவன் கூறியது பொய்யன்று. ஆனால் ஒரு ஜோடியே எங்கள் மாத மளிகைக் கணக்கில் பாதியை விழுங்கும். மகளின் பள்ளிக் கட்டணமும் அந்த மாதமே செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே, எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒரே ஜோடியைக் கேட்டேன். கால் வீங்கியிருக்கும் மாலை வேளையில் சென்று, நின்றபடியே போட்டுப் பார்த்து, பெருவிரலின் முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருக்கும்படி தேர்ந்தெடுத்தேன். ஒரு காலணி ஏறத்தாழ 280 கிராம். குதிகால் பக்கம் முன்பாதத்தைவிட 8 மில்லிமீட்டர் உயரம். அடியில் ரப்பர், நடுவில் ஃபோம் மெத்தை, மேலே காற்று புகும் வலைத்துணி. ஒன்றே பலவற்றுக்கும் போதுமா என்பதை நான்கு இடங்களில் சோதித்துப் பார்த்தேன். அந்த அனுபவத்தை நேயர்களுக்குத் தெரிவிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் சோதனை வீட்டருகே நிகழ்ந்தது. மாட்டுங்காவுக்கும் தாதர் பார்சி காலனிக்கும் இடையே ஐந்து பூங்காக்கள் வட்டமாகச் சூழ்ந்திருப்பதை அன்பர்கள் அறிவர். பார்சி காலனியைத் திட்டமிட்டு உருவாக்கிய மஞ்சேர்ஜி ஜோஷியின் பெயரை அவை தாங்கி நிற்கின்றன. பெருமரங்களின் நிழல், அமைதியான தெருக்கள், பெஞ்சியில் செய்தித்தாள் விரித்த முதியோர். அங்கிருந்து சிறிது தூரம் வந்தால் கிங்ஸ் சர்க்கிளில் காப்பி மணமும் பூக்கடை மல்லிகை மணமும் எதிர்கொள்ளும். இவ்விடம் மெதுவான ஓட்டத்துக்கென்றே அமைந்தது. உடன் வருபவருடன் இரைக்காமல் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுவே சரியான வேகம். இங்கே காலணி முழு மதிப்பெண் பெற்றது. குதிகால் மெத்தை தெருவின் கடினத்தை வாங்கிக்கொண்டது. 5 கிலோமீட்டர் முடிந்தும் முழங்கால் முறையிடவில்லை. ஒரு குறை மட்டும் உண்டு. மர வேர்கள் நடைபாதைக் கற்களைத் தூக்கியிருக்கும் இடங்களில், மெத்தை தடிமனாக இருப்பதால் தரையின் மேடுபள்ளம் பாதத்துக்கு உடனே தெரிவதில்லை. கண்ணைத் தரையில் வைத்தே ஓட வேண்டும்.

இரண்டாவது சோதனை வேகத்துக்கானது. இடம், 1925-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சிவாஜி பார்க். ஏறத்தாழ 28 ஏக்கர் பரப்புள்ள அந்தச் செம்மண் மைதானத்தில் விடிந்ததும் சிறுவர்கள் மட்டையும் பந்துமாக நிறைந்துவிடுவர். சச்சின் டெண்டுல்கர் இளமையில் பயின்ற மண் அது. மைதானத்தைச் சுற்றி, மும்பைவாசிகள் 'கட்டா' என்று வழங்கும் தாழ்ந்த சுவர் ஓடுகிறது. அமர்வோர், வம்பளப்போர், மூச்சுப் பயிற்சி செய்வோர் ஆகிய அனைவருக்கும் அதுவே ஆசனம். அதனையொட்டி ஒரு பக்கம் விரைந்தும் அடுத்த பக்கம் மெதுவாகவும் மாறி மாறி எட்டு முறை ஓடினேன். இங்குதான் என் காலணியின் சாயம் சற்று வெளுத்தது. மெத்தை மென்மையாக இருப்பின், உந்தும் விசையில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடுகிறது. காலணியின் எடை கூடக் கூட உழைப்பும் கூடும். ஒரு காலணியில் 100 கிராம் மிகுந்தால் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு விழுக்காடு மிகும் என்பது ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. பரிசுக்கு ஓடுபவனுக்கு அது பெரிய நஷ்டம். சர்க்கரையைக் குறைக்க ஓடுபவனுக்கோ நஷ்டமே இல்லை.

மூன்றாவது சோதனைக்காக ஒரு ஞாயிறு விடியலில் போரிவலிக்குச் சென்றேன். இம்மாநகரின் நடுவில் சிறுத்தைகள் வாழும் காடு இருப்பதைப் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாயிலிலிருந்து கன்ஹேரி குகைகள் ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. தார்ச்சாலைதான், ஆயினும் கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். இருளிலும் தனியாகவும் செல்வது தகாது. நண்பர் இருவருடன் வெளிச்சம் பரவிய பின்னரே ஓடினோம். மழைக்காலத்தின் இறுதி, இருபுறமும் பசுமை, ஓடைகளில் நீர்.

கன்ஹேரியில் கரும்பாறையைக் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் உள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ கி.பி. பத்தாம் நூற்றாண்டு வரை பௌத்தத் துறவிகள் செதுக்கியவை அவை. மழைநீரைச் சேர்க்கப் பாறையிலேயே அவர்கள் வெட்டிய தொட்டிகளைக் காணும்போது, குழாய் நீருக்குக் காத்திருக்கும் நமக்கு வெட்கமே உண்டாகிறது. ஏற்றத்தில் காலணி நன்றாகவே உழைத்தது. இறக்கத்தில் பாதம் முன்னோக்கிச் சறுக்கி விரல் நுனிகள் இடித்தன. கயிற்றைக் கணுக்கால் அருகேயுள்ள கடைசித் துளை வரை கோத்து இறுக்கியதும் அத்தொல்லை நீங்கியது. ஆனால் பாசி படிந்த ஈரப்பாறைப் படிகளில் அடி ரப்பர் வழுக்கியது. தெருவுக்கென்று செய்த ரப்பரில் ஆழ்ந்த பற்கள் இல்லை. அங்கே ஓட்டத்தை நிறுத்திப் படிப்படியாக நடந்தோம். காலணி எதற்கு உதவாது என்பதை அறிவதும் சோதனையின் பயனே.

நான்காவது சோதனை நெடுந்தூர ஓட்டம். சர்ச்கேட்டில் இறங்கிச் சிறிது நடந்தால் மெரைன் டிரைவ். நாரிமன் முனையிலிருந்து கிர்காவ் சௌபாட்டி வரை வில்லாக வளைந்து 3.6 கிலோமீட்டர் செல்லும் கடற்கரைச் சாலை. இடப்புறம் அலைகளைத் தடுக்கும் நான்கு முனைக் கான்கிரீட் கட்டைகள். வலப்புறம் வட்ட முனை மாடங்களுடன் வரிசையாக நிற்கும் கட்டடங்கள். இவற்றையும் உள்ளடக்கிய தொகுதியை 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மூன்று முறை போய்வந்தால் 21.6 கிலோமீட்டர், அரை மாரத்தானைவிடச் சிறிது அதிகம். அக்டோபர் இறுதியில் அதைச் செய்து முடித்தேன். நடுவில் இருமுறை நடந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. 15 கிலோமீட்டருக்குப் பின் பாதம் விரிந்து காலணி சிறிது இறுகியது; அந்தக் கட்டைவிரல் அகலம் அப்போது கைகொடுத்தது. எதிர்பாராத மழையொன்று நனைத்தபோது வலைத்துணி நீரை விரைவில் வெளியேற்றியது. வீடு வந்ததும் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தினேன். வெயிலில் காய்ச்சினால் பசை விட்டுப்போகும், ஃபோமும் கெடும்.

"நம் முன்னோர் காலணியா போட்டார்கள்?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலுடன் வென்றது உண்மை. 1964-இல் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து மீண்டும் வென்றதும் உண்மை. வீரருக்கு எதுவும் பொருந்தும். ஆனால் சர்க்கரை நோயாளியின் பாதம் வீரரின் பாதமன்று. உணர்ச்சி குன்றிய கால் வெறும் தரையில் ஓடலாகாது. ஓடுமுன் காலணியைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். ஓடிய பின் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். தந்தையாரிடமிருந்து நான் கற்ற பாடம் இதுவே.

முடிவாகச் சொல்வதாயின், இந்த ஜோடி மெதுவான ஓட்டத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் உத்தமம், வேகத்துக்கும் ஏற்றத்துக்கும் மத்திமம், ஈரப்பாறைக்கு ஆகாது. பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மெத்தையின் உயிர் அடங்கும் என்பர். அலுவலகப் பழக்கத்தால் ஒவ்வோர் ஓட்டத்தையும் பேரேட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 310 ஆகியிருக்கிறது. மூன்று ஜோடி வாங்க இயலாதவர் ஒரு ஜோடியுடன் தாராளமாகத் தொடங்கலாம். வாங்கும் முன் காலைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம்.

நவம்பரில் எடுத்த பரிசோதனையில் 6.2 என்ற எண் 5.9 ஆயிற்று. விருந்தாளி வாசற்படியிலிருந்து முற்றிலும் அகலவில்லை, ஓரடி பின்வாங்கியிருக்கிறார். தந்தையாரிடம் தெரிவித்தபோது, "அடுத்த மாதம் நான் அங்கு வரும்போது அந்தப் பூங்காவைக் காட்டு, நானும் மெதுவாக நடந்து பார்க்கிறேன்" என்றார். அவருக்கேற்ற, முன்புறம் அகன்ற, உள்ளே தையல் உறுத்தாத காலணி ஒன்றை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு ஐந்து பூங்காக்களில் எங்களுடன் சேர விரும்பும் சங்க அன்பர்கள் குடும்பத்துடன் வரலாம். ஓட வேண்டுமென்பதில்லை, நடந்தாலே போதும்.