மீன் எழுந்திருக்கும் நேரம்

மார்கழியில் எங்கள் வடக்கனந்தல் பக்கம் தூண்டில்காரர்கள் கம்பைப் பரண்மேல் ஏற்றிவிடுவார்கள். “குளிருல மீனு கடிக்காதுங்க” என்பது ஊர்த் தீர்ப்பு. ஓய்வுபெற்ற வாத்தியார் நான். விடைத்தாளைத் திருத்திப் பழகிய கை. அந்தத் தீர்ப்புக்குப் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

எங்களுக்கு மேற்கே கல்வராயன் மலை. பெரிய கல்வராயன் பகுதி 4000 அடியைத் தொடும். மலை ஓடைகள் சேர்ந்து கோமுகியாகி, கச்சிராயபாளையத்துக்கு அருகே 46 அடி அணையில் தேங்கி, பிறகு மணிமுக்தாற்றோடு சேர்ந்து வெள்ளாற்றுக்குப் போகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் செம்மண் குழம்பாக வந்த தண்ணீர், மார்கழியில்தான் ஏரி குளங்களில் தெளியும். தண்ணீர் தெளிந்தால் மீனுக்கு நம் நிழலும் தெரியும், தூண்டில் நரம்பும் தெரியும். குளிர் ஒரு பக்கம், தெளிவு ஒரு பக்கம். மீன் கடிக்காததற்கு இரண்டுமே காரணம். ஆனால் குளிர் மேல்தான் எல்லாப் பழியும்.

போன மார்கழியில் ஏரிக்கரையில் விடியுமுன்னே பையன்கள் நாலைந்து பேர் செல்போன் வெளிச்சத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். குளிரில் பல் கிட்டுகிறது, தக்கை அசையவில்லை. கரைமேல் ஆடு ஓட்டிப் போன பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

“ஏன்டா தம்பிகளா, மீனே இன்னும் எழுந்திரிக்கல. உங்களுக்கு என்னடா அவசரம்?”

“காலையிலதானே தாத்தா கடிக்கும்?”

“அது சித்திரைக்குடா.”

அந்த இரண்டு சொல்லில் ஒரு பாடப்புத்தகமே அடங்கியிருக்கிறது. மீனுக்கு நம்மைப்போல உடம்புக்குள் அடுப்பு கிடையாது. தண்ணீர் எந்தச் சூடோ, உடம்பும் அந்தச் சூடு. தண்ணீர் பத்து டிகிரி குளிர்ந்தால் உடம்பின் இயக்கம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஜிலேபிக் கெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் பிறந்த இனம், 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது, இன்று அது இல்லாத ஏரி நம் பக்கம் அரிது. அதற்குப் பிடித்தது 25 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீர். 20-க்குக் கீழே போனால் இரை எடுப்பது குறைந்துவிடும். சித்திரையில் உச்சி வெயில் கொளுத்தும்போது மீன் சோர்ந்து கிடக்கும். அதனால் அப்போது விடியற்காலை நல்லது. மார்கழியில் கணக்கு அப்படியே தலைகீழ். பத்து மணிக்குமேல், வெயில் ஏறி, கரையோர ஆழமில்லாத தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுத்த பிறகுதான் மீன் மேலே வரும். மலை மேற்கில் இருப்பதால் அடிவாரத்தில் பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது. ஆக, நடுப்பகல் சில மணிநேரம்தான் நமக்கு. அதிகாலையில் எழுவது ஒழுக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒழுக்கத்தை மீனும் பின்பற்ற வேண்டும் என்று எதிர்பார்த்தால் என்ன செய்வது?

குளிருக்கு இரையும் மாறவேண்டும். மழைக்காலத்தில் ஈசல் தண்ணீரில் விழுந்தால் மீன் பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். முள்ளில் ஒரு ஈசலைக் கோத்து மேல்தண்ணீரில் விட்டாலே போதும். மார்கழியில் ஈசலுக்கு எங்கே போவது? கொழுத்த மண்புழுவை முழுதாகக் கோத்துப் போட்டால் மீன் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அதற்குப் பசி இல்லாமல் இல்லை. மெல்ல ஓடும் உடம்புக்குப் பெரிய கவளம் பாரம். அந்த நாளில் அது தின்பது சேற்றுக்குள் நெளியும், நூல் போன்ற சிவப்புப் புழுவை. கொசுவைப்போலவே இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சு அது. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே பொருள் அதன் உடம்பிலும் இருப்பதால்தான் அந்த நிறம். பிராணவாயு குறைந்த சேற்றிலும் அது பிழைப்பதும் அதனால்தான்.

அமெரிக்காவில் புளூகில் என்று ஒரு சின்ன மீன், வாணலிக்குள் அடங்குகிற அளவு. பனிக்காலத்தில் அதைப் பிடிக்கிறவர்கள் இந்தப் புழுவைப்போலவே நூலும் இறகும் சுற்றிய பொடி முள்ளைச் செய்து, ஒரு தக்கைக்குக் கீழே தொங்கவிட்டு, ஆட்டாமல் அசைக்காமல் காத்திருக்கிறார்கள். இப்படி நூலும் இறகும் சுற்றிய முள்ளால் பிடிப்பதுதான் ஃப்ளை ஃபிஷிங். அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஊட்டியும் டிரவுட் மீனும்தான் நினைவுக்கு வரும்; அவலாஞ்சியில் 1907-ல் டிரவுட் குஞ்சுப் பண்ணையே போட்டார்கள். ஆனால் மதராஸ் ராஜதானியில் கலெக்டர் வேலை பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ், நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். துரைமார் என்றால் மலைக்குத்தான் போவார்கள் என்றில்லை.

நான் செய்தது எளிது. இருக்கிறதிலேயே சின்ன முள், தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூல், கோழியின் கழுத்து இறகில் ஒரு கீற்று. நெட்டித் தக்கை, கடுகளவு ஈயம். மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாடைக்காற்றுக்கு முதுகு காட்டி, வெயில் விழுகிற கரையில் உட்காருவேன். குளிரில் தக்கை முழுகாது. லேசாகச் சாயும், அல்லது ஓர் அங்குலம் பக்கவாட்டில் நகரும். அவ்வளவுதான் சேதி. வெடுக்கென்று சுண்டினால் முள் உதட்டை விட்டு வந்துவிடும். கையை மெல்லத் தூக்க வேண்டும்.

என் வயதுக்காரர் ஒருவர், மனைவி போன பிறகு திண்ணையை விட்டு இறங்கவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று. சொந்தக்காரர்கள் எல்லாரும் பெரிய பெரிய இரையாகப் போட்டார்கள்: காசிக்குப் போய்வா, சென்னையில் மகனோடு போய் இரு, கீதை படி. ஒருவர் மூன்று மணிநேரம் ஆறுதல் சொன்னார்; கேட்ட எனக்கே துக்கம் கூடிவிட்டது. மனிதர் எதையும் தொடவில்லை. ஒரு நாள், அதுவும் பதினொரு மணி வெயிலில், நாலு முள்ளையும் நூல் கண்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

“கண்ணு சரியாத் தெரியலப்பா. இதுல நூல் சுத்திக் குடேன்.”

வாங்கி ஒன்றே ஒன்றைச் சுற்றினார். மீதியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டார். நானும் எதுவும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனபோது நாலும் முடிந்திருந்தது. என் முடிச்சைவிட அவர் முடிச்சு கெட்டி. தை பிறந்த பிறகு ஏரிக்கரைக்கு அவரே வந்தார். முதல் நாள் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நரம்பின் பருமன் பற்றித்தான் சண்டை. தெளிந்த தண்ணீருக்கு 0.20 மில்லிமீட்டர் போதும் என்பது என் கட்சி. ஜிலேபி முதுகுமுள்ளில் உரசினால் அது அறுந்துவிடும், 0.25-க்குக் குறையக் கூடாது என்கிறார் அவர். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு கண்டு வாங்கி வந்து எனக்குத் தெரியாமல் என் கம்பிலேயே மாற்றியும் கட்டிவிட்டார்.