தளை தட்டாத சங்கிலி

செய்யுளில் ஓரசை பிழைப்பினும் ஓசை கெடும். இவ்வுண்மையை 30 ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன் யான். அதனையே ஒரு மோட்டார்ப் பட்டறையில், என் பழைய மாணவரிடம் மீண்டும் கற்க நேர்ந்தது.

என்னிடம் பழைய அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும், என் தந்தையார் வாங்கிய வண்டியாதலின் அதனைப் பிரிய மனம் வரவில்லை. சென்ற ஆண்டு அதன் எஞ்சினின் முன்புறத்தில் சலசலவென்று ஓசை எழுந்தது. டைமிங் செயின் தேய்ந்து தளர்ந்ததென்று கூறி, ஒரு பட்டறையில் புதியது மாட்டித் தந்தனர். ஓசை நின்றது, வண்டியின் வலிமையும் உடன் குன்றியது. காலையில் எளிதில் கிளம்பாது. மேட்டில் ஏறத் திணறும். இடையிடையே கார்புரேட்டரில் பட்பட்டென வெடிக்கும். “விற்றுவிடுங்கள்” என்றனர் வீட்டார்.

இறுதியாக ஒருமுறை முயல்வோம் என்று வேறொரு பட்டறைக்குச் சென்றேன். அதன் உரிமையாளர் எழுந்து வந்து வணங்கினார். “ஐயா, என்னைத் தெரிகிறதா? ஒன்பதாம் வகுப்பில் வெண்பாவுக்கு அலகிடத் தெரியாமல் நின்றவன் நான்” என்றார். தெரிந்தது. “உனக்குக் கணக்கும் வாராது, ஓசையும் வாராது” என்று பலர் முன்னிலையில் யான் கடிந்துரைத்த சொற்களும் நினைவுக்கு வந்தன. அவரோ அதுபற்றி ஒன்றும் கூறவில்லை.

பிளக்குகளையும் கார்புரேட்டரையும் சோதித்தார், குறையில்லை. பின்னர், “டிஸ்டிரிபியூட்டரை வழக்கத்திற்கு மாறாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள், ஐயா. தீப்பொறியின் நேரத்தை இப்படிச் சரிக்கட்டலாம், வால்வு திறக்கும் நேரத்தைச் சரிக்கட்ட முடியாது” என்றார். முன்மூடியைக் கழற்றியதும் பிழை வெளிப்பட்டது. செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தது.

பிஸ்டன்களால் சுழல்வது கிராங்க் தண்டு. வால்வுகளைத் திறப்பது கேம் தண்டு. இரண்டையும் பிணைப்பதே அச்செயின். கேமின் பற்சக்கரத்தில் பற்கள் இருமடங்கு. ஆதலின் கிராங்க் இருமுறை சுழலக் கேம் ஒருமுறை சுழலும். உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கு தொழில்களும் அவ்விரு சுற்றுகளில் முடியும். ஒரு பல் தவறினும் வால்வுகள் உரிய நேரத்தில் திறவா, மூடா.

அவர் முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சியில் நிறுத்தினார். இரு பற்சக்கரங்களிலும் சிறு புள்ளிக் குறிகள் இருந்தன. அவை ஒன்றையொன்று நேருக்கு நேர் நோக்குமாறு செயினைக் கோத்து, சக்கரங்களை ஒருங்கே தண்டுகளில் ஏற்றினார். உதவிக்கு நின்ற சிறுவன் வண்டியைக் கிளப்பச் சாவியை நாடினான். “சாவியைத் தொடாதே” என்று தடுத்து, பிளக்குகளைக் கழற்றி, கிராங்கின் முனையில் ஸ்பானரைப் பொருத்தி, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றினார். ஒரு சுற்று முடிந்தது. கேம் சக்கரத்தின் புள்ளி எதிர்ப்புறம் நின்றது.

“அண்ணே, தப்பாகிவிட்டதே!” என்றான் சிறுவன்.

“பொறு. இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. ஒரு நெட்டெழுத்து ஒலிக்கும் நேரத்தில் இரண்டு குற்றெழுத்து ஒலிக்கலாம் என்று ஐயா எங்களுக்குச் சொல்லித் தந்தார். கேமின் ஒரு சுற்றுக்குக் கிராங்க் இரண்டு சுற்று.”

இரண்டாம் சுற்று முடிந்தது. புள்ளிகள் இரண்டும் மீண்டும் நேருக்கு நேர் நின்றன.

சீரோடு சீரைப் பிணைப்பது தளை. விலங்கிற்கும் அதுவே பெயர். தளை தட்டாமற் கோக்கும் வித்தை அவர் கைகளில் இருந்தது. “தம்பி, அன்று வகுப்பில் யான் உரைத்தது பிழை” என்றேன். “ஐயா, அன்று எனக்கு மாத்திரைக் கணக்கு மட்டும் புரிந்தது. இன்றும் அதுதான் சோறு போடுகிறது” என்று கூறி, மூடியைப் பூட்டத் தொடங்கினார்.

அன்று மாலை அவ்வண்டி ஆற்றுப்பாலத்து மேட்டில் தடையின்றி ஏறியது. என் மனமோ அவ்வளவு எளிதில் ஏறவில்லை. சங்கிலி மாட்டியவர் இரு சுற்று சுற்றிப் பார்த்த பின்னரே சாவியைத் தொட்டார். யானோ ஓர் இளம் மாணவனை ஒரு சுற்றில் கண்டு, அவன் எதிர்காலத்திற்கே தீர்ப்பு உரைத்துவிட்டேன். மாணவர்களே! பிறரை அளக்கும்பொழுதும், உங்களையே அளக்கும்பொழுதும், இரண்டாம் சுற்றுக்குக் காத்திருங்கள்.