சாம்பல் சொன்ன சாட்சி

காசு குறைவு, காகிதக் கட்டுகளோ மலையளவு! எதை முதலில் காப்பது? அணுகுண்டுச் சோதனைகளைப் பற்றிய ஆவணங்களைத் திரட்டிப் பேணவேண்டும் என்று பேச்செடுத்தால், எழும் முதற் கேள்வி இதுதான். குண்டு செய்தவன் குறிப்பையா, அதன் சாம்பலைச் சுமந்தவன் குறிப்பையா? சுமந்தவன் குறிப்பையே முதலில் காத்திடுக என்போம் நாம்.

திருவொற்றியூரில் பாடம் சொல்லித் தரும் ஆசிரியருக்கு இதில் என்ன அக்கறை என்பீர். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். நம் வகுப்பில் அமர்ந்திருப்போர் கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு மீன்பிடிப் படகின் கதையைச் சொல்வதுண்டு.

1954 மார்ச் 1. பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. தொலைவில் மீன் பிடித்திருந்த 'லக்கி டிராகன்' என்ற ஜப்பானியப் படகின் 23 தொழிலாளர் மீதும் வெண்சாம்பல் பொழிந்தது. அந்தச் சாம்பலில் சிறிது கரை சேர்ந்தது. ஜப்பானிய அறிஞர்கள் அதை ஆராய்ந்தனர். வல்லரசு மூடி வைத்த இரகசியத்தை அந்தச் சிறு பொட்டலம் உலகுக்கு உரைத்தது! அவ்வாண்டு செப்டம்பரில், படகின் வானொலி இயக்குநர் குபோயாமா மாண்டார். பின்னாளில் படகு குப்பை மேட்டில் கிடந்தது. மக்கள் குரல் எழுப்பினர். 1976இல் டோக்கியோவில் அதற்கென ஒரு காட்சியகம் எழுந்தது.

அமெரிக்காவிலேயே, செயின்ட் லூயிஸ் நகரில், 1958 முதல் அன்னையர் தம் குழந்தைகளின் விழுந்த பாற்பற்களை அறிவியலார்க்கு அனுப்பினர். சுமார் 3 இலட்சம் பற்கள்! குண்டுவெடிப்பின் ஸ்ட்ரான்சியம்-90 புல்லில் படிந்து, பசுவின் பாலில் புகுந்து, பிஞ்சுகளின் பல்லில் தங்கியதை அவை காட்டின. வெளியில், கடலில், வான்வெளியில் சோதனை கூடாதென 1963இல் உடன்பாடு வந்தது. 2001இல், மறந்துபோன கிடங்கொன்றில் ஏறத்தாழ 85,000 பற்கள் மீண்டும் கிடைத்தன. எறிந்திருந்தால் அந்த ஆய்வு தொடர வழி ஏது?

நம் நாட்டின் நிலை என்ன? 1954 ஏப்ரலில் சோதனைகளை நிறுத்துக என்று நாடாளுமன்றத்தில் முழங்கினார் நேரு. 1956இல், அணு வெடிப்புகளின் விளைவுகளை விளக்கும் நூலை இந்திய அரசே வெளியிட்டது. பிறர் வெடித்தபோது நூல் எழுதிய நாடு, 1974 மே 18இலும், 1998 மே 11, 13இலும் பொக்ரானில் தானே வெடித்தது. அந்த வெளிக்கு அருகிலுள்ள கேதோலாய் ஊரார், நோய் பெருகிற்று என்கின்றனர். கதிர்வீச்சுத் தீங்கில்லை என்றது அரசு. எவர் சொல் மெய்? ஊரார் உடல்நலப் பதிவேடு வெளிப்படையாய் இருந்தாலன்றோ எடுத்துப் பார்க்க முடியும்! 1993ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டமோ, இரகசிய முத்திரை பெற்றவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்லத் தடை விதிக்கிறது.

குண்டின் வரைபடத்தை நாம் கேட்கவில்லை. அதற்கு இரும்புப் பெட்டியும் காவலும் என்றும் உண்டு. நாம் கேட்பது மருத்துவக் குறிப்பு, கிணற்று நீரையும் மண்ணையும் பாலையும் அளந்த கணக்கு, ஊரார் தம் மொழியில் சொல்லும் வாக்குமூலம். 1974இல் இளைஞராய் இருந்தவர் இன்று முதியவர். காகிதம் காத்திருக்கும், கிழவியின் நினைவு காத்திருக்குமா? ஆகவே ஒதுக்கும் முதற் பணம் அவர்களுக்கே சேரவேண்டும்.

தோழர்களே! 'நம்பு' என்று ஆணையிடுவது புரோகிதன் வழக்கம். அதையே அரசு சொன்னாலும், 'காட்டு' என்று கேட்பதுதான் பகுத்தறிவு. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. கேளுங்கள், மறுத்தால், மறுத்த கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். அதுவும் ஓர் ஆவணமே!