மானகிரி டீக்கடையில் ஜடேஜா பட்டிமன்றம்!

காரைக்குடின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? செட்டிநாட்டுச் சமையல், ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி டைல்ஸ்... கரெக்ட்தான் பாஸ். ஊர் சுத்திப் பார்க்க வர்றவங்க எல்லாரும் அதைத்தான் பார்த்துட்டுப் போறாங்க. ஆனா, நான் உங்களைக் கூட்டிட்டுப் போகப்போற இடத்துல டிக்கெட் கிடையாது, கைடு கிடையாது. ஒரு பாய்லர், ரெண்டு மர பெஞ்ச், கண்ணாடி டப்பாவுக்குள்ள பருப்பு வடை. அவ்வளவுதான்!

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் குன்றக்குடி பக்கம் போற பஸ்ல ஏறுங்க. ஜன்னல் சீட் கிடைச்சா நீங்க அதிர்ஷ்டசாலி. டவுன் கடைகள் முடிஞ்சு, செம்மண்ணும் பொட்டலும் ஆரம்பிக்கும். காதுல ஹெட்செட் மாட்டி நாலு பாட்டு கேட்கிறதுக்குள்ள மானகிரி வந்துடும். இறங்கி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே நடந்தா கண்மாய். கோடையில தண்ணி வத்திடுச்சுன்னா அதுதான் இங்க கிரிக்கெட் கிரவுண்டு. நான் போனது நவம்பர் மாசம். மழை பெஞ்சு, பிட்ச் இருந்த இடத்துல தண்ணி நின்னுக்கிட்டிருந்துச்சு. கரையில ரெண்டு கொக்கு மட்டும் ஃபீல்டிங் பண்ணிட்டிருந்தது!

கிரவுண்டு இல்லைன்னா பசங்க எங்க இருப்பாங்க? டீக்கடையிலதான். அதுவும் அன்னிக்கு சாதாரண நாள் இல்லை. 2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் காலையிலதான் அந்தச் செய்தி வந்திருந்தது... ரவீந்திர ஜடேஜா சி.எஸ்.கே.வை விட்டு ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போறார். கூடவே சாம் கரனும். பதிலுக்கு சஞ்சு சாம்சன் சென்னைக்கு வர்றார்.

நான் அங்க போனதுக்கு வேற காரணம் இருந்தது. என் கிளாஸ்மேட் ஒருத்தன் மானகிரிக்காரன். 'வீட்டுல வெள்ளைப் பணியாரம் சுடுறாங்க, வாடா மாப்ளே'ன்னு கூப்பிட்டிருந்தான். பணியாரத்துக்கு ஆசைப்பட்டுப் போன ஹாஸ்டல் ஜீவன் நான். மாட்டினது பட்டிமன்றத்துல!

நடுவர் அவர்களே...

பட்டிமன்றம்னு சும்மா சொல்லலை. இந்த மண்ணுக்கும் அதுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. சா.கணேசன் 1939-ல் காரைக்குடியில் கம்பன் விழாவை ஆரம்பிச்சார். பக்கத்து குன்றக்குடியில இருந்த குன்றக்குடி அடிகளார், பட்டிமன்றத்தை ஊர் ஊரா கொண்டுபோன நடுவர்கள்ல முக்கியமானவர். கம்பன்ல ஆரம்பிச்ச வழக்கம் ஜடேஜாவுல வந்து நிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவர், டீ மாஸ்டர் அண்ணன். தலைப்பு, 'சி.எஸ்.கே.வுக்கு இது லாபமா, துரோகமா?' ரெண்டு பெஞ்ச், ரெண்டு அணி.

லாப அணியில முதல்ல பேசினவர் காரைக்குடியில செல்போன் கடையில வேலை பார்க்கிற அண்ணன். 'இங்க பாரு அப்பு, 2025-ல நாம பத்தாவது இடம். கடைசி! சி.எஸ்.கே. வரலாறுலயே அப்படி நடந்ததில்லை. தோனிக்கு அப்புறம் கீப்பர் யாரு? சஞ்சுவுக்கு வயசு 31. ஜடேஜாவுக்கு அடுத்த மாசம் 37. கணக்குப் போட்டுப் பாரு!'

எதிரணியில இருந்து உடனே ஒரு ஐ.டி.ஐ. தம்பி எழுந்தான். 'கணக்கா பேசுறீங்க? 2023 ஃபைனல். கடைசி ரெண்டு பந்துல 10 ரன். ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். அடிச்சது யாருண்ணே... உங்க கால்குலேட்டரா?' பெஞ்ச்சே அதிர்ந்துச்சு. வடை எடுத்துட்டிருந்த கை எல்லாம் அப்படியே நின்னுச்சு.

அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. 2012 ஏலத்துல 20 லட்சம் டாலர் கொடுத்து ஜடேஜாவை எடுத்தது, 2018, 2021, 2023-னு மூணு கோப்பை, 2022-ல கேப்டன் பதவியை வாங்கி பாதி சீசன்லயே திருப்பிக் கொடுத்தது... இந்தத் தம்பிங்க செமஸ்டருக்கு இப்படிப் படிச்சா எல்லாரும் கோல்டு மெடல்தான். 'அதே 2022 ஏலத்துல ரெய்னாவை யாருமே எடுக்கலையே, மறந்துட்டீங்களா?'ன்னு ஒரு குரல் வந்ததும் ரெண்டு அணியும் சேர்ந்து ஒரு நிமிஷம் மௌனம்!

வதந்தி சீசன்

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? ஐ.பி.எல். நடக்கிறது ரெண்டு மாசம்தான். மீதி பத்து மாசமும் நடக்கிறது வதந்தி! சஞ்சு ராஜஸ்தானை விட்டுக் கிளம்பறார்னு 2025 ஆகஸ்ட்லயே பேச்சு வந்துடுச்சு. அதுக்கப்புறம் இந்த பெஞ்ச்ல ஒரு வாரம் துபே போறார், மறு வாரம் ருதுராஜ் போறார், அடுத்த வாரம் பிரெவிஸ் போறார். ஒவ்வொருத்தருக்கும் 'உள்ள இருந்து வந்த நியூஸ்' ஒண்ணு இருந்திருக்கு. மானகிரியில இருந்து சேப்பாக்கத்துக்கு உள்ள எப்படிப் போனாங்கன்னு மட்டும் கேட்கக் கூடாது.

நடுவுல டெக்னிக்கல் விஷயமும் ஓடுச்சு. சஞ்சு 18 கோடி, அதே சம்பளத்துல வர்றார். ஜடேஜாவுக்கும் 18 கோடிதான், ஆனா ராஜஸ்தான்ல 14 கோடி. சாம் கரனுக்கு 2.4 கோடி. 'சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டு ஒருத்தர் போறாருன்னா யோசிங்கடா'ன்னு செல்போன் கடை அண்ணன் சொன்னார். 'ராஜஸ்தான் அவருக்குப் புதுசா என்ன? 2008-ல வார்ன் கேப்டனா இருந்து கப் அடிச்ச டீம்ல இந்த ஜடேஜாவும் இருந்தாருல்ல!'

அப்பதான் இன்னொரு ஸ்கூல் பையன், பாஸ்கெட் பால் ஆடுறவன், புதுசா ஒரு கேஸைக் கொண்டு வந்தான். 'அண்ணே, அமெரிக்காவுல இதைவிடப் பெருசா நடந்துச்சு...'

அவன் சொன்னது என்.பி.ஏ. கதை. டல்லஸ் மேவரிக்ஸ் டீமோட ஸ்டார் லூகா டான்சிச். 2024-ல டீமை ஃபைனல் வரைக்கும் கொண்டுபோனவர். வயசு 25. 2025 பிப்ரவரி ஆரம்பத்துல ஒரு ராத்திரி, அவரை லேக்கர்ஸுக்குக் கொடுத்துட்டு ஆண்டனி டேவிஸை வாங்கிட்டாங்க. ஊரே கொந்தளிச்சுப் போச்சு. ரசிகர்கள் ஸ்டேடியம் வாசலுக்கு சவப்பெட்டி கொண்டு வந்தாங்க. அந்த டிரேடைப் பண்ணின ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசனை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி மேட்ச்சுக்கு மேட்ச் கோஷம். கடைசியில 2025 நவம்பர் 11-ம் தேதி அவரைத் தூக்கியே விட்டாங்க. நம்ம ஜடேஜா செய்திக்கு நாலே நாள் முன்னாடி!

'பார்த்தியா... ரசிகன்னா அவன்டா!'ன்னு துரோக அணி குதிச்சது. பையன் அலட்டிக்காம அடுத்த பாயிண்டை வெச்சான். 'ஆனா ஒரு வித்தியாசம் இருக்குண்ணே. அங்க லூகாகிட்ட யாரும் கேட்கவே இல்லை. இங்க ஐ.பி.எல்.ல பிளேயர் சம்மதிக்காம டிரேட் பண்ண முடியாது. ஜடேஜா சரின்னு சொன்னதாலதான் போறாரு.'

பெஞ்ச்ல சத்தம் கொஞ்சம் குறைஞ்சுது.

உள்ளூர் ஜடேஜா

இந்த இடத்துலதான் பட்டிமன்றம் தடம் மாறுச்சு. துரோக அணி தம்பி என் ஃப்ரெண்டைப் பார்த்து, 'சம்மதம் சொன்னா மட்டும் துரோகம் இல்லைன்னு ஆயிடுமா? இவனும்தான் சம்மதிச்சான்!'னு சொல்லிட்டான்.

விஷயம் இதுதான். எங்க ஏரியாவுல பொங்கல்னா முதல்ல சிராவயல் மஞ்சுவிரட்டு, அடுத்தது டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமென்ட். ஊருக்கு ஊர் டீம். காசு இருக்கிற டீம் வெளியூர் பவுலரைக் கூட்டிட்டு வரும். என் ஃப்ரெண்ட் இடது கை வேகப்பந்து. எட்டாவது படிக்கிறப்ப இருந்து மானகிரி டீம். அந்த வருஷம் பக்கத்து ஊர் டீம் அவனுக்கு ஷூவும் ரெண்டாயிரம் ரூபா முன்பணமும் கொடுத்திருந்தது. இவனும் வாங்கிட்டான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். 'டேய், நீதான் மானகிரி ஜடேஜாவா?'ன்னு கலாய்ச்சுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கலை. டீ கிளாஸை வெச்சுட்டு, 'எக்ஸாம் ஃபீஸ் கட்டணும்டா'ன்னு மட்டும் சொன்னான்.

ரெண்டு வருஷமா பக்கத்து பெஞ்ச்ல உட்கார்ந்து அவன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுறவன் நான். எனக்கே இது தெரியாது.

அதுவரைக்கும் ஓரமா உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார். எண்பதைத் தாண்டின வயசு. 'எங்க அப்பா ரங்கூன்ல செட்டியார் கடையில அடுத்தாளா இருந்தவரு'ன்னு ஆரம்பிச்சார்.

அவர் சொன்ன கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். அந்தக் காலத்துல செட்டிநாட்டுலேர்ந்து பர்மா, மலேயா, சிலோன்னு வட்டிக்கடைகளுக்கு ஆள் போவாங்க. 'கொண்டுவிக்கப் போறது'ன்னு அதுக்குப் பேர். சம்பளம் பேசி, அதுல ஒரு பங்கை முன்பணமா வீட்டுல கொடுத்துட்டு, மூணு வருஷக் கணக்குக்குக் கப்பல் ஏறணும். மூணு வருஷம் முடிஞ்சா ஊருக்கு வரலாம். திரும்பப் போறப்ப அதே கடையா, வேற கடையான்னு மறுபடி பேச்சு நடக்கும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐ.பி.எல். மெகா ஏலமும் மூணு வருஷக் கணக்குதானே! நாம என்னமோ 2008-ல கண்டுபிடிச்ச மாதிரி பில்டப் கொடுத்துட்டிருக்கோம்.

'எங்க அப்பா ரெண்டாவது கணக்குக்கு வேற கடைக்குப் போனாரு. ஊர்ல பேசினாங்க. உண்ட வீட்டை விட்டுட்டான்னு பேசினாங்க. பேசினவுங்கள்ல ஒருத்தராச்சும் எங்க ஆத்தாகிட்ட வந்து வீட்டுல அரிசி இருக்கான்னு கேட்டாங்களாப்பு?'

அவ்வளவுதான் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கிட்டு பேப்பருக்குள்ள போயிட்டார். நடுவர் அண்ணன் தீர்ப்பு சொல்லவே இல்லை. டீயை ஆத்திக்கிட்டே இருந்தார்.

என் வயசு, 14 கோடி

திரும்பி வர்றப்ப பஸ்ல நான் யோசிச்சது ஜடேஜாவைப் பத்தி இல்லை. எங்க தேர்டு இயர் கிளாஸைப் பத்தி. இன்னும் கொஞ்ச நாள்ல கேம்பஸ் இன்டர்வியூ. யாரு எத்தனை லட்சம், யாரு மெக்கானிக்கல் படிச்சுட்டு ஐ.டி.க்கு ஓடுறான்னு ஹாஸ்டல் ரூமுக்கு ரூம் இதே பட்டிமன்றம் நடக்கும். ஓடுறவன் வீட்டுல என்ன கடன்னு ஒருத்தனும் கேட்க மாட்டான். நானும் கேட்டதில்லை.

டிசம்பர் 16-ம் தேதி அபுதாபியில மினி ஏலம். ஹாஸ்டல்ல ஒரே லேப்டாப்பைச் சுத்தி இருபது பேர். சி.எஸ்.கே. ரெண்டு பேரை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்தது. ரெண்டு பேருக்கும் அடிப்படை விலை 30 லட்சம்தான். ஒருத்தர் கார்த்திக் சர்மா, வயசு 19. இன்னொருத்தர் பிரசாந்த் வீர், உத்தரப்பிரதேசத்துக்காரர், இடது கை ஸ்பின், ஆல்ரவுண்டர். ஜடேஜா இடத்துக்கு வர்றவர்னு பேச்சு. வயசு 20. என் வயசு!

ரூம்ல எல்லாரும், 'இவனுக்கு இவ்வளவா?', 'ஒரு சீசன்ல தெரிஞ்சிடும்'னு ஆரம்பிச்சாங்க. நான் வாயைத் திறக்கலை. இருபது வயசுல ஒருத்தன் தோள்ல 14 கோடியையும் ஜடேஜா பேரையும் ஒண்ணா ஏத்தி வெச்சா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன். எனக்கு ஒரு அரியர் விழுந்ததுக்கே ஒரு வாரம் தூக்கம் வரலை பாஸ்!

பொங்கலுக்கு மறுபடி மானகிரி போனேன். என் ஃப்ரெண்ட் புது ஷூ போட்டு, பக்கத்து ஊருக்காக ஆடினான். செமிஃபைனல்ல அவன் டீம் அவுட். சாயங்காலம் ரெண்டு பேரும் டீக்கடைக்கு வந்தோம். பெஞ்ச் நிறைஞ்சிருந்தது. யாரும் எதுவும் பேசலை. அந்த ஐ.டி.ஐ. தம்பி மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். 'கடைசி ஓவர்ல ஏன்டா ஷார்ட்டா போட்ட?'ன்னு கேட்டான். அடுத்த பட்டிமன்றம் ஸ்டார்ட்!

நீங்க காரைக்குடி வந்தா ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பாருங்க, வேண்டாம்னு சொல்லலை. அப்படியே பஸ் ஏறி மானகிரிக்கும் வாங்க. வடை சூடா இருக்கும், வாதம் அதைவிடச் சூடா இருக்கும். யார் வந்தது லாபம், யார் போனது நஷ்டம்னு விடிய விடியப் பேசுங்க. எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி, உங்க பக்கத்துல டீ கிளாஸோட சும்மா உட்கார்ந்திருக்கிற ஃப்ரெண்டைப் பார்த்து, 'உனக்கு என்னடா பிரச்னை?'ன்னு ஒரு தடவை கேட்டுடுங்க.

நான் லேட்டாதான் கேட்டேன்!