திமிங்கிலத்தின் விரல்கள்

1851-இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் திமிங்கில எலும்புக்கூட்டின் முன் மாணவர்களை நிறுத்தும் ஆசிரியர், விளக்கப் பலகையை உரக்க வாசித்துவிட்டு நகர்ந்துவிட்டால், அவர்களிடம் எஞ்சுவது குறிப்பேட்டில் ஏறிய நீள அளவு மட்டுமே.

அவர் சற்று வாய்மூடி நின்றால், துடுப்பு எனத் தோன்றும் உறுப்பினுள் மேற்கை, முன்கை, விரல் என மனிதக் கையின் வரிசையிலேயே எலும்புகள் அமைந்திருப்பதை, ஒரு மாணவி தன் விரல்களை மடக்கி ஒப்பிட்டுத் தானே கண்டறிவாள். பயனில் வேறுபட்டாலும், பொது மூதாதையிடமிருந்து வந்தமையால் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்றுபடும் இவற்றையே உயிரியல் ‘அமைப்பு ஒத்த உறுப்புகள்’ என்கிறது.

விடை தெரிந்தவருக்கு மௌனமே மிகக் கடினமான பாடம் எனில், அந்தக் கூடத்தில் உண்மையில் மாணவர் யார்?